புழுவுக்கு விட்ட வரிசை

கரிசல் காட்டு மடத்தில் குருவாக இருந்தவர் தவமணியம்மா. சீடர் சங்கிலிமுத்து அவரைவிடப் பத்து வயது மூத்தவர். குரு சீடரை "அண்ணாச்சி" என்பார். சீடர் குருவை "அம்மா" என்பார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் வந்ததில்லை.

புது விதைப் பருத்தி அந்தப் பக்கம் வந்த புதிது. ஒரு நாள் காலையில் சங்கிலிமுத்து விதைப் பொட்டலம் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மடத்துக்கு வந்தார். மேகம் இறங்கி, இன்றைக்கோ நாளைக்கோ என்று நின்றது.

"என்ன அண்ணாச்சி, மூஞ்சி கசக்கிப் போட்ட வேட்டி மாதிரி இருக்கு?"

"மக அனுப்பிச்சா. ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டு வரச் சொன்னா. இதை ஊனலாமா, வேண்டாமா?"

மகள் சண்முகக்கனிக்கு அப்போது நாலாம் மாசம். போன வருஷம் அவள் காட்டுப் பருத்தியைக் காய்ப்புழு துடைத்துத் தின்றுவிட்டது. இந்த வருஷமும் போனால், காட்டைத் தரிசு போட்டுவிட்டு, வயிற்றுப் பிள்ளையோடு அவளும் புருஷன் வேலை பார்க்கும் மில்லுக்கே போக வேண்டியதுதான். இந்த விதையைக் காய்ப்புழு அண்டாது என்று கடையில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வாங்கியும் விட்டாள். ஆனால் பருத்தி வெடிக்கிற சமயத்தில்தான் அவளுக்குப் பிரசவம். பிள்ளை பெற்றவளுக்குப் பருத்திக்கொட்டையை ஆட்டிப் பால் எடுத்து, கருப்பட்டி தட்டிப் போட்டுக் காய்ச்சிக் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். தாய்க்குப் பால் நன்றாக ஊறும் என்பார்கள்.

"புழுவைக் கொல்லுற செடியோட கொட்டையில பால் எடுத்துக் குடிச்சா, என் பிள்ளைக்கு என்ன ஆகும்னு கேக்கா. டீக்கடையில ஒருத்தன் விஷம்ங்கான். இன்னொருத்தன் வரம்ங்கான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ரெண்டு பேருக்கும் தலையாட்டிட்டு வந்துட்டேன்."

அம்மா பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே சின்னதாக இன்னொரு பொட்டலம் இருந்தது.

"இது என்ன?"

"அது சாதா விதை. கூட வச்சுத் தாரான். காட்டைச் சுத்தி ஓரத்துல ஊனணுமாம். எவன் ஊனுதான்? அதுல புழு வருமே. தூக்கிப் போட்டுருவாங்க."

"புழுவுக்கு ஆகாத விதையை விக்கிறவன், புழுவுக்குன்னு ஒரு சோத்துப் பொட்டலமும் கட்டிக் கொடுத்திருக்கானே. எதுக்கு?"

"தெரியலையே."

"கேட்டுட்டு வாங்க."

சங்கிலிமுத்து விதைக்கடைக்குப் போனார். "இதுக்கா வே இம்புட்டுத் தூரம் நடந்து வந்தீரு? தூக்கிப் போட்டுட்டுச் சோலியைப் பாரும்" என்றார் கடைக்காரர். சங்கிலிமுத்து விடாமல் விவசாய ஆபீசுக்குப் போனார். அங்கே இருந்த ஆபீசரம்மா உட்காரவைத்துப் பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். பொழுது சாயச் சங்கிலிமுத்து மடத்துக்குத் திரும்பினார்.

"அம்மா, மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஒரு உயிர் இருக்காம். அதோட குணத்துல ஒண்ணை எடுத்து இந்த விதைக்குள்ள வச்சிருக்காங்களாம். செடியைக் கடிச்ச காய்ப்புழு சாகும். நம்ம குடல் வேற மாதிரியாம், நம்மளை அது ஒண்ணும் பண்ணாதாம். சோதிச்ச வரைக்கும் மனுசனுக்குக் கெடுதல் தெரியலைங்காங்க."

"சின்னப் பொட்டலம்?"

"அதுதான் கூத்து. எம்புட்டுச் செத்தாலும் சாகாத புழு ஒண்ணு ரெண்டு மிஞ்சுமாம். காடு பூரா ஒரே செடின்னா, அதுக தங்களுக்குள்ளயே சம்பந்தம் பண்ணிக்கிடும். பிறக்கிறது பூரா சாகாத புழு. ஓரத்துல சாதாப் புழு கிடந்தா அதுகூடக் கலந்து, பிள்ளைக பழையபடி சாகுற புழுவாப் பிறக்குமாம். புழுவுக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொல்லுதாங்க என்னைய."

அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சிரிங்க. காலையில ஒரு கேள்வியோட வந்தேன், இப்பக் கூடை நிறைய இருக்கு. ஊனலாமா வேண்டாமா, ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"ஊனுறது நானா? பாலைக் குடிக்கப்போறது நானா? கூடையை அப்படியே கொண்டுபோய் மககிட்ட இறக்கி வைங்க."

சண்முகக்கனி எல்லாவற்றையும் கேட்டாள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே யோசித்தாள். பிறகு சொன்னாள்: "நடுக்காட்டுல புதுசை ஊனுவோம்ப்பா. ஓரத்துல சாதாவை ஊனுவோம். எனக்கு ஓரத்துக் கொட்டையில பால் காய்ச்சிக் கொடுங்க. எதுக்கும் இருக்கட்டும்."

சங்கிலிமுத்துக்கு மனசு லேசானது. அன்றைக்கே மழையும் பெய்தது.

நடுக்காட்டுச் செடிகள் கொழுகொழுவென்று வந்தன. ஓரத்துச் செடிகளில் மொட்டுக்கு மொட்டு புழு. வண்டிப்பாதையில் போகிறவர்கள் சும்மா போகவில்லை. "என்ன சங்கிலி, ஊரெல்லாம் முள்ளுல வேலி போடுது, நீ புழுவுல போட்டிருக்க?" மகளுக்கு வயிறு ஏற ஏற, ஓரத்துச் செடியில் காய் குறைந்துகொண்டு வந்தது.

ஒரு நாள் விடிகாலையில் அந்தப் பக்கமாக வந்த அம்மா, சீடர் ஓர வரிசையில் குனிந்து நிற்பதைப் பார்த்தார். கையில் கொட்டாங்குச்சி.

"என்ன செய்றீங்க, அண்ணாச்சி?"

"புழு பொறுக்குதேன். கோழிக்கு ஆகும்."

"புழுவுக்குன்னு ஊனினதுலயா?"

"அது மகளுக்குன்னும் ஊனினதுதானம்மா. கொட்டையைப் புழு தின்னுட்டா அவளுக்கு எதைக் காய்ச்சிக் கொடுப்பேன்?"

அந்த நேரம் நடுக்காட்டுப் பூ ஒன்றிலிருந்து ஒரு தேனீ எழும்பி வந்து, ஓரத்துப் பூவில் உட்கார்ந்தது. இருவரும் அதையே பார்த்தார்கள். அது வேலையை முடித்துக்கொண்டு மறுபடி உள்ளே போயிற்று.

சங்கிலிமுத்து வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"அங்கன உள்ள பூத்தூளை இங்கன கொண்டாந்து தடவிட்டுப் போகுது. அப்ப இந்தக் கொட்டை எந்தக் கொட்டை?"

அம்மா அந்த ஓரத்துப் பூவைக் குனிந்து பார்த்தார்.

"பொறுக்கினா நடுவுல நிக்கிற செடி ஒரு நாள் தோத்துரும். பொறுக்கலைன்னா மகளுக்கு இல்ல. பொறுக்கி மிச்சப்படுத்தினாலும் அது எதுன்னு தெரியல. விஷம்னவனும் நல்லாத் தூங்குதான், வரம்னவனும் நல்லாத் தூங்குதான். எனக்குத்தான் தூக்கம் இல்ல."

"மகளுக்கு எம்புட்டுக் கொட்டை வேணும்?"

"ஒரு மரக்கா இருந்தாப் போதும்."

அம்மா காட்டு மூலைக்கு நடந்து, அங்கே கொஞ்சம் செடிகளைக் கையால் வளைத்துக் காட்டினார். "இது மகளுக்கு. இதுல மட்டும் பொறுக்குங்க." பிறகு கொட்டாங்குச்சியை வாங்கி, மற்றச் செடிகளில் புழுக்களை ஒவ்வொன்றாகத் திரும்ப விட்டார்.

சங்கிலிமுத்து பார்த்துக்கொண்டே இருந்தார். வெள்ளாமை செய்கிற சம்சாரிக்கு அதைப் பார்க்கப் பொறுக்குமா? கை பரபரத்தது.

"இதுவும் எந்தக் கொட்டைன்னு தெரியாதே அம்மா. ஆபீசரம்மாகிட்ட மறுபடி கேக்கவா?"

"போய்க் கேளுங்க."

"அவுக ஒண்ணு சொல்லுவாக, கூடையில இன்னும் ரெண்டு ஏறும். எனக்கு எதுவுமே முழுசாப் புரிய மாட்டேங்குதே."

அம்மா கடைசிப் புழுவை இலையில் விட்டுவிட்டுக் காலிக் கொட்டாங்குச்சியை அவர் கையில் கொடுத்தார்.

"நல்லது, அண்ணாச்சி. அந்தப் புரியாததையும் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுராதீங்க."