நரியின் படகை இழுத்த சுறா

நரி நின்றால் இடுப்பளவே ஆழமுள்ள ஒரு விரிகுடாவில் சின்னச் சுறாக்கள் வாழ்ந்தன. கரையில் இருந்த நரிக்குச் சுறாப் புட்டு என்றால் உயிர். ஆனால் சுறாவோடு மல்லுக்கட்ட அதனிடம் பலம் ஏது? அதனால் ஒருவர் மட்டும் உட்காரும் துடுப்புப் படகில், தூண்டிலோடு கிளம்பியது. புட்டுக்கு வெங்காயம்கூட அரிந்து வைத்துவிட்டது!

ஒரு வாலிபச் சுறா இரையைக் கவ்வியது. முள் உதட்டில் மாட்டியது. வலி தாங்காமல் அது பாய்ந்தது. இலேசான படகும் சர்ரென்று பின்னால் போனது.

"ஐயோ! விடுங்க அண்ணே! என்னைப் படகோட இழுத்துட்டுப் போறீங்களே!" என்று நரி அலறியது.

சுறாவுக்கு வலியே மறந்துவிட்டது. "பாத்தீங்களாடா! நரியையே இழுக்கிறேன்!"

கை இருந்திருந்தால், வேடிக்கை பார்த்த மீன்களெல்லாம் தட்டியிருக்கும்.

"இந்தக் கடலுக்கே ராஜா நீங்கதான்! எனக்குத் தலை சுத்துதே!" என்றது நரி.

சுறா இன்னும் வேகமாக ஒரு வட்டம் அடித்தது. பாவம், அதற்கு மூச்சு வாங்கியது. நரியோ பின்னால் நன்றாகச் சாய்ந்துகொண்டு, நூலை மெல்ல மெல்லச் சுற்றியது.

பாறை இடுக்கிலிருந்து ஒரு பேத்தை மீன் எட்டிப் பார்த்தது. பயந்தால் பந்துபோல உப்பும் மீன் அது.

"அண்ணே, உப்புறது எங்க வேலை. நீங்க எதுக்கு உப்புறீங்க? அவன் நிஜமாப் பயந்திருந்தா தூண்டிலை விட்டிருப்பானே! நீங்க களைச்சதும் தூக்கிப் புட்டு வெச்சிடுவான்!"

சுறாவுக்குச் சுரீரென்றது. "ஐயையோ! இப்ப என்ன செய்யறது?"

"இழுக்காதீங்க. திரும்பி அவன் பக்கமே போங்க! நூல் தளர்ந்தா முள் கழன்றுடும்."

"தோத்துட்டேன்னு எல்லாரும் சிரிப்பாங்களே!"

"சிரிக்கட்டும்! புட்டானப்புறம் வெட்கப்படக்கூட முடியாது!"

சுறா வெட்கத்தை விழுங்கிக்கொண்டு சட்டென்று படகை நோக்கித் திரும்பியது. மீன்கள் சிரிக்கத்தான் செய்தன. ஆனால் நூல் தொய்ந்தது. சுறா தலையை ஓர் உதறு உதற, முள் கழன்று விழுந்தது.

பின்னால் சாய்ந்திருந்த நரிக்குப் பிடிமானம் போயிற்று. படகு கவிழ, தொபுக்கடீர்!

"ஐயோ! காப்பாத்துங்க அண்ணே! கரைக்கு இழுத்துட்டுப் போங்க!" இந்த முறை அது நிஜமாகவே அலறியது.

"இடுப்பளவு தண்ணிதானே? நடந்து போ!" என்றது சுறா. இப்போது மீன்கள் நரியைப் பார்த்துச் சிரித்தன.

அன்று மதியம் நரி வெறும் வெங்காயத்தைத் தின்றது. அதன் கண்ணில் தண்ணீர் வந்ததற்கு வெங்காயம் மட்டும் காரணமில்லை.

புகழ்கிறவன் வாயைப் பார்த்து மயங்காமல், அவன் கையில் எதைப் பிடித்திருக்கிறான் என்று பார்ப்பவனே பிழைத்துக்கொள்வான்.