அறுநூறு சதுர அடி பவழமல்லி

எத்திராஜுக்கு வயது அறுபத்து மூன்று. அவருடைய குருவுக்கு நாற்பத்தொன்று. ரயில்வேயில் கார்டாகக் கொடி அசைத்து ஓய்வு பெற்ற மனிதர், மனைவி ரேணுகா போன பிறகு வாரிசுச் சான்றிதழ் விஷயமாக ஒரு வக்கீலம்மாவைப் பார்க்கப் போனார். போனவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். தினமும் பழைய பத்திரங்களைப் படிப்பார். புரியாததைக் கேட்பார். வக்கீல் பங்கயவல்லி லேசில் பதில் சொல்ல மாட்டார், எதையாவது செய்யச் சொல்வார். அவ்வளவுதான் அவர்களுடைய குருகுலம்.

ஒரு வெள்ளிக்கிழமை எத்திராஜ் தன் வீட்டுப் பத்திரத்தையே தூக்கிக்கொண்டு வந்தார்.

"அம்மா, எங்க அபார்ட்மெண்ட்ல எட்டு வீடு. நிலத்துல எனக்கு அறுநூறு சதுர அடி பிரிபடாத பாகம்னு போட்டிருக்கு. அது எங்க இருக்கு?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

அவர் விஷயத்தைச் சொன்னார். கட்டிடத்துக்குப் பின்னால் ஒரு பவழமல்லி மரம். ரேணுகா நட்டது. காலையில் அது உதிர்த்த பூவைப் பொறுக்கிக்கொண்டுதான் அவள் மாடியேறுவாள். இப்போது அந்த இடத்தில் கார் நிறுத்த வேண்டுமாம். சங்கச் செயலாளர் ஜெயசீலன் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம் போட்டிருக்கிறார். ஏழு பேர் ஒரு பக்கம், இவர் ஒருத்தர் ஒரு பக்கம்.

"என் அறுநூறை அந்த மரத்தைச் சுத்திப் பிரிச்சு எழுதிக் குடுங்க. அப்புறம் எவன் கை வைக்கிறான்னு பாக்கறேன்!"

பொது நிலத்தை அப்படித் தனியாகப் பிரிக்க முடியாது என்று ஆறு மாதமாகப் பத்திரம் படிக்கிறவருக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆசை வந்துவிட்டால் படித்ததெல்லாம் எங்கே நிற்கிறது!

"எழுதணும்னா நாலெல்லை வேணுமே," என்றார் வக்கீலம்மா. "ஞாயித்துக்கிழமை விடியக்காலம் உங்க பாகத்தைக் கோலமாவுல போட்டு வைங்க. மத்த ஏழு வீட்டையும் போடச் சொல்லுங்க. பக்கத்துல யாருன்னு தெரியாம எல்லையை எப்படி எழுதறது?"

ஞாயிற்றுக்கிழமை பனி கொட்டிக்கொண்டிருந்தது. எத்திராஜ் மரத்தைச் சுற்றி இருபதுக்கு முப்பது என்று அளந்து, குனிந்து குனிந்து வெள்ளைக் கோடு போட்டார். தலையில், தோளில், கோட்டின் மேல் என்று பூ விழுந்துகொண்டே இருந்தது. ரேணுகா பக்கத்தில் நின்று சிரிப்பதுபோல் இருந்தது அவருக்கு.

ஒவ்வொருவராகத் தூக்கக் கலக்கத்தோடு இறங்கி வந்தார்கள். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்கள். ஆனால் மாவு கைக்கு வந்ததும் ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை. ஜெயசீலன் முன்வாசல் கேட்டைச் சேர்த்துக் கோடு போட்டார். தரைத்தளத்துக்காரர் கிணற்றை வளைத்துக்கொண்டார். இரண்டாம் மாடி மும்தாஜ் மாடிப்படியின் அடியைப் பிடித்தாள். பனிக்குள் அத்தனை பேரும் அவரவர் கட்டத்துக்குள் அசையாமல் நின்றார்கள். யாரோ கண்ட கனவுக்குள் எல்லோரும் தப்பித் தவறி வந்து நிற்கிற மாதிரி இருந்தது.

"எத்திராஜ் சார்," மும்தாஜ்தான் கூப்பிட்டாள். "உங்க வீட்டுக்குப் போகணும்னா என் படியில ஏறணுமே. பறந்து போயிடுவீங்களா?"

கொல்லென்று சிரித்தார்கள். அவருக்குச் சுருக்கென்றது.

"மரத்துக்கு இனிமே நீங்களே தண்ணி ஊத்திக்குங்க. குழாயும் என் பாகத்துலதான் இருக்கு," என்றாள் மும்தாஜ்.

"இனிமேன்னா?"

"ரேணுகாக்கா போனதுலேர்ந்து யார் ஊத்தறாங்கன்னு நெனச்சீங்க?"

எத்திராஜ் மரத்தைப் பார்த்தார். ஆறு மாதத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் அவர் ஊற்றியதில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அப்போது கேட்டருகே வக்கீலம்மா வந்து நின்றார்.

"ஜெயசீலன் சார், உங்க பாகத்துல கால் வைக்கலாமா?"

"வாங்க, வாங்க." அவருக்கே கூச்சமாகிவிட்டது.

ஒவ்வொரு கோட்டருகிலும் நின்று, கேட்டுக் கேட்டுத் தாண்டி வந்தார். வரும் வழியில் ஒவ்வொரு கட்டத்திலும் குனிந்து, காற்று கொண்டுபோய்ப் போட்டிருந்த பூவைப் பொறுக்கினார். வந்ததும் அத்தனையையும் எத்திராஜின் உள்ளங்கையில் கொட்டினார்.

"உங்க பாகத்துல விழுந்ததை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததைத் திருப்பிக் குடுத்துடுங்க. அப்புறம் பத்திரம் எழுதலாம்."

எத்திராஜ் பூவைப் பார்த்துக்கொண்டே நின்றார். எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே பவழக் காம்பு. அவர் காலடியில் இருந்த கோட்டைப் பார்த்தார்.

"கோட்டை அழிச்சுட்டா மரம் போயிடும்மா. அவங்க ஏழு பேரு."

"அழிங்க, பாக்கலாம்."

எத்திராஜ் பூவை வேட்டி மடியில் கட்டிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தார். தன் கோட்டைத்தான் முதலில் பெருக்கினார், பிறகு மற்றவர்களுடையதை. யாரும் தடுக்கவில்லை. பத்து மணிக்கு அதே இடத்தில் கூட்டம் கூடியது. ஜெயசீலன் நோட்டைப் பிரித்துப் படித்தார்.

"திரு. எத்திராஜ் அவர்களின் மரத்தை வெட்டி அகற்றுவதென..."

"அவர் மரமா? கோட்டைத்தான் பெருக்கிட்டாரே," என்றார் வக்கீலம்மா. "பத்திரத்துல இருக்கற மாதிரி திருத்தி எழுதுங்க."

ஜெயசீலன் அடித்துவிட்டு, சொல்லிக்கொண்டே எழுதினார். "எங்கள் எட்டுப் பேரின் மரத்தை..."

பேனா அங்கேயே நின்றது. அவர் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார். மும்தாஜ் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வெட்டலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க," என்றார் ஜெயசீலன் கடைசியில், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

ஒருத்தரும் தூக்கவில்லை. ஜெயசீலன் நோட்டை மூடினார். காருக்கு வேறு இடம் பார்க்க வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே படியேறினார். ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

எத்திராஜ் மடியிலிருந்த பூவை அவிழ்த்து வைத்துக்கொண்டு வக்கீலம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப என் அறுநூறு சதுர அடி எங்கதாம்மா இருக்கு?"

"இப்பத்தானே பாத்தீங்க? எட்டுப் பேரோட மரம்னு எழுதினதும் ஜெயசீலன் கையை மேல தூக்க விடாம பிடிச்சுக்கிட்டு இருந்ததே, அதுதான்."