குட்பை சொன்னவர்கள் வீடு திரும்பவில்லை

வெகு காலத்துக்கு முன்னே, கப்பல்கள் காற்றை நம்பி ஓடிய நாளிலே, கடலோரத்தில் முத்தங்கரை என்று ஒரு ராஜ்யம் இருந்தது. கேட்கிறவர்கள் கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். முழுக்கச் சிரித்துக்கொண்டே கேட்கிற கதை இல்லை இது.

அந்த ஊர் ராஜா செங்கோடருக்கு ஒரு குறை. துறைமுகத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் பேசுவது அவருக்குப் புரியவில்லை. அவர்கள் தங்களுக்குள் சிரித்தாலும், தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். ராஜாவுக்கு ரோஷம் வந்தால் கேடு ஊருக்குத்தானே? "நம் ஜனங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர ஆள் வேண்டும்" என்று தண்டோரா போட்டார்.

வந்து நின்றான் கருநாக்கன். கடலுக்குள் ஒரு மணல்தீவில் குடியிருந்த மந்திரவாதி அவன். ராஜாவுக்கு அது தெரியாது.

முதலில் தேங்க்யூ சொல்லிக்கொடுத்தான். சோறு போட்ட தாயிடம் பிள்ளைகள் தேங்க்யூ சொன்னார்கள். அன்றைக்கே அவளுக்குப் பெற்ற பிள்ளை விருந்தாளி ஆகிப்போனான். அடுத்ததாகச் சாரி சொல்லிக்கொடுத்தான். கால் பட்டால் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட ஜனம், மிதித்துவிட்டுச் சாரி என்று சொல்லி நடந்தது. மிதிபட்டவனுக்கு வலி போகவே இல்லை. மூன்றாவதாகக் குட்பை சொல்லிக்கொடுத்தான்.

சொற்களைத் திட்டாதீர்கள். கப்பல்காரர்களும் குட்பை சொல்லிவிட்டுத்தான் போனார்கள். பருவம் தவறாமல் திரும்பியும் வந்தார்கள். அவர்கள் அந்தச் சொல்லுக்குள் பொத்தி வைத்திருந்த அன்பைக் கருநாக்கன் உருவி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் தூண்டில் முள்ளை வைத்துக் கொடுத்தான்.

சுங்கச்சாவடியில் வேலை பார்த்த சீராளனுக்கு, வெள்ளைக்காரர் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி உத்தியோகத்தின்மேல் ஆசை. ஒருநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்ற மனைவி பூங்காவனத்தைப் பார்த்து, "குட்பை!" என்றான்.

"அப்படின்னா என்னங்க?"

"கிளம்பும்போது சொல்றது."

"அதுல திரும்பி வர்றேங்கிறது எங்க இருக்கு?"

"அதெல்லாம் இல்ல. கிளம்புறதுக்கு மட்டும்தான்."

பூங்காவனம் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். "நல்லா இருக்கே! போறேன்னு சொன்னாலே அபசகுனம்னு இருக்கிற வீடு இது. போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போங்க."

"மெதுவாப் பேசு. வர்றேன்னு சொன்னா சவுக்கடின்னு ராஜா உத்தரவு போட்டிருக்கார்" என்று சிரித்தான் சீராளன். தெருமுனையில் திரும்பினான். அவ்வளவுதான். பொழுது சாய்ந்தது, விளக்கு வைத்தது, அவன் வரவில்லை.

அவன் மட்டுமா? உப்பு வாங்கப் போனவர் வரவில்லை. மறுவீட்டுக்கு வந்து போன மாப்பிள்ளை ஊர் போய்ச் சேரவில்லை. கடைசியில் யுவராஜன் இளவழுதி வேட்டைக்குக் கிளம்பினான். குதிரைமேல் இருந்து அழகாகக் கையசைத்து, "குட்பை, அப்பா!" என்றான். ராஜா பூரித்துப்போய்க் கைதட்டினார். குதிரை மட்டும் திரும்பி வந்தது. அன்றோடு கருநாக்கனையும் காணவில்லை. ஆனாலும் ராஜா உத்தரவை மாற்றவில்லை. மாற்றினால், மகனைத் தானே தொலைத்ததாக ஆகிவிடுமே!

மணல்தீவில் ஒரு வீட்டுக்குள்ளே ஆட்கள் அசையாமல் நிற்கிறார்கள் என்று வலைக்காரர்கள் வந்து சொன்னார்கள். பூங்காவனம் மகளை ஓரகத்தியிடம் விட்டாள். கட்டுமரத்தில் ஏறுமுன் குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, ஊர் கேட்கச் சொன்னாள்: "போயிட்டு வர்றேன் கண்ணு."

காவல்காரன் சவுக்கை ஓங்கினான். "குட்பைன்னு சொல்லும்மா. எனக்கு ஏன் பாவத்தைக் கொடுக்கிறே?"

"அடிச்சுக்கோ அண்ணே. போயிட்டு வர்றேன்னுதான் சொல்லுவேன்."

அடித்தான். இரண்டு அடி முதுகில் வாங்கிக்கொண்டு, மூன்றாவது விழுமுன் கட்டுமரத்தைத் தள்ளிவிட்டாள். திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவளைக் கருநாக்கனின் மந்திரம் வழியில் தொட முடியவில்லை.

தீவில் ஒரு பெரிய வீடு. உள்ளே ஊர்க்காரர்கள் எல்லோரும் கல்லாய்ச் சமைந்து, வாசலைப் பார்த்து, ஒரு காலை எடுத்து வைத்தபடியே நின்றார்கள். உதடு மட்டும் அசைந்தது. "குட்பை, குட்பை, குட்பை." ஓரத்தில் சீராளன் நின்றான். தொட்டாள், தண்ணீர்ப் பானை மாதிரி சில்லென்று இருந்தான்.

வாசலை மறித்துக்கொண்டு வந்து நின்றான் கருநாக்கன்.

"வா பெண்ணே. உள்ளே வந்துவிட்டாய். வெளியே எப்படிப் போவாய்? என் வீட்டு வாசலைத் தாண்ட ஒரு சொல் சொல்லியாக வேண்டும். குட்பை சொன்னால் இங்கேயே கல்லாவாய். போயிட்டு வர்றேன் என்று சொன்னால், சொன்ன சொல்லுக்கு இங்கே திரும்பி வந்தே ஆக வேண்டும். எதைச் சொன்னாலும் நீ என் ஆள்தான்!"

பூங்காவனம் புருஷனைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். கருநாக்கனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கொண்டையை அவிழ்த்துவிட்டாள். அவன் காலடியில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு ஓங்கி ஒப்பாரி வைத்தாள்.

"ஊரெல்லாம் பேச வச்சே, உன்
பேர் சொல்ல ஆளில்லையே!
போனவங்களைப் புடிச்சு வச்சே, உன்னைத்
தூக்க நாலு பேரில்லையே!"

"ஏய்! யாருக்கு அழுகிறாய்?"

"உனக்குத்தான்."

"நான் உயிரோடு இருக்கிறேனே!"

"அழ ஆரம்பிச்சாச்சு. பொணம் பேசக்கூடாது."

கருநாக்கனின் முகம் வெளுத்தது. சொல்லால் ஊரைக் கட்டியவன், ஒப்பாரிச் சொல்லுக்குக் கட்டுப்பட்டுச் செத்துத்தானே ஆக வேண்டும்? காதைப் பொத்தினான், கத்தினான், காலால் உதைத்தான். அவள் விடவில்லை. கல்லாய் நின்றவர்களும் இழவு கண்டவர்கள்தானே? ஒருவர் கண்ணில் நீர் கசிந்தது, பிறகு அடுத்தவர் கண்ணில். சீராளன் முதலில் விம்மினான். நீர் இறங்கிய இடமெல்லாம் கல் கரைந்து சதையாயிற்று. கருநாக்கன் நின்ற இடத்திலேயே மல்லாந்து விழுந்தான்.

பூங்காவனம் எழுந்தாள். துக்க வீட்டிலிருந்து யாராவது சொல்லிக்கொண்டு கிளம்புவார்களா? புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டினாள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உப்பு வாங்கப் போனவர் தாண்டினார். மாப்பிள்ளை தாண்டினான். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் தாண்டினார்கள்.

கடைசியாக வந்தவன் யுவராஜன். அரண்மனையில் வளர்ந்த பிள்ளை. எந்த வாசலைத் தாண்டினாலும் ஒரு சொல் சொல்லிப் பழக்கம். படியில் நின்று, திரும்பி, மரியாதையாகச் சொன்னான்: "குட்பை."

கருநாக்கனின் நெஞ்சில் ஒரு மூச்சு மிச்சம் இருந்தது. அந்த மூச்சில் அவனைப் பிடித்துக்கொண்டு செத்தான். வீடு மணலாகச் சரிந்து இருவரையும் மூடிவிட்டது. கையாலேயே மணலைத் தோண்டினார்கள். ஆள் அகப்படவில்லை.

கட்டுமரத்திலும், தேடி வந்த வலைக்காரர்களின் படகுகளிலும் ஏறி எல்லோரும் கரை சேர்ந்தார்கள். கரையில் ராஜா நின்றார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசி முகம் வரைக்கும் பார்த்தார்.

"பூங்காவனம், என் பிள்ளை?"

அவள் நடந்ததைச் சொன்னாள். மறைக்கவில்லை.

"கடைசியாக என்ன சொன்னான்?"

"நீங்க சொல்லச் சொன்னதைத்தான் சொன்னார் மகாராஜா."

ராஜா மணலில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கே சவுக்கடி உத்தரவை எடுத்துவிட்டார். மாயமும் தொலைந்தது; விருந்தாளியாய்ப் போன பிள்ளை தாய்க்கு மறுபடி பிள்ளையானான், மிதிபட்டவனுக்கு வலி தீர்ந்தது. பூங்காவனத்துக்கு முத்துமாலையும் நன்செய் நிலமும் கொடுத்தார் ராஜா. அவள் வாங்கிக்கொண்டாள். சவுக்கடிக்கு மருந்து போட்டவன் சீராளன். அவன் பிற்பாடு கப்பல்காரர்களிடமே நல்லபடியாக இங்கிலீஷ் கற்றுத் துபாஷியும் ஆனான்.

முத்தங்கரை ஜனங்கள் ஆண்டு பல வாழ்ந்தார்கள். நாமும் வாழ்வோம். ராஜா செங்கோடர் மட்டும், அதற்குப் பிறகு யாரையும் வழியனுப்ப வாசலுக்கு வந்ததே இல்லை.