பூமிநாதனின் முழங்கால்

விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் பூமிநாதனைப் போலப் பேச ஆளில்லை. அவர் மைக்கைப் பிடித்தால் கூட்டம் விசிலடிக்கும். விசிலடித்து எந்த ஊரிலும் எதுவும் மாறியதில்லை என்பது வேறு விஷயம்.

அவர் ஊர்ப் பேருந்து நிழற்குடையில் ஒரு சிமெண்டுப் பெஞ்சு. அரசாங்கம் எல்லோருக்கும் கட்டியது. காலனி ஆட்களும் உட்காரலாம், அரிசி மில் முதலாளி வரும்வரை. அவர் தூரத்திலேயே செருமுவார். உடனே எழுந்து வெயிலில் நிற்க வேண்டும். எழுதி வைத்த சட்டம் எதுவும் அந்த ஊரில் இவ்வளவு ஒழுங்காக நடந்ததில்லை.

போன வாரம் பூமிநாதன் காலனி ஆட்களைத் திரட்டிக்கொண்டு போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார். முதலாளி செருமினார். முதலில் எழுந்தது பூமிநாதன். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள்.

சங்கத் தலைவி சடையம்மாள் நாற்று நடுகிறவர். வயதில் பூமிநாதனைவிட இளையவர். பூமிநாதன் அவரைத் தேடிப் போனார்.

"தோழர், எனக்குப் பயமில்லை. சத்தியமா இல்லை. கால் தானா எந்திரிச்சிருச்சு."

"தெரியும்."

"இன்னொரு தடவை எந்திரிச்சா இந்தக் காலனி சங்கத்தை நம்பாது. நான் என்ன படிக்கணும், சொல்லுங்க."

"படிச்சது போதும். சாயங்காலம் உங்க காலைக் கூட்டிக்கிட்டு வாங்க."

சாயங்காலம் காலனித் தெருவில் ஒரு பெஞ்சு கிடந்தது. சடையம்மாள் எல்லோரையும் அதில் உட்கார வைத்தார். இடமில்லை என்றவர்களையும் நெருக்கித் திணித்தார். பிறகு குருவம்மாளைக் கூப்பிட்டார். முதலாளியின் மாட்டுத்தொழுவத்தில் வேலை செய்கிறவள். தினமும் அந்தச் செருமலைக் கேட்கிறவள்.

"செருமு தாயி."

குருவம்மாள் முந்தானையைத் துண்டாகத் தோளில் போட்டுச் செருமினாள். பெஞ்சு காலியானது.

தெருவே சிரித்தது.

"என்ன பூமியண்ணே, அங்க இருக்குற மாடுகூட இப்படி எந்திரிக்காதே," என்றாள் குருவம்மாள்.



"மறுபடியும்," என்றார் சடையம்மாள்.

மறுபடியும் எழுந்தார்கள். மறுநாளும் எழுந்தார்கள். கோஷம் போட சடையம்மாள் விடவில்லை. பூண்டு உரித்துக்கொண்டு உட்காரச் சொன்னார். எழுந்தவரை யாரும் பிடித்து இழுக்கக் கூடாது. அவராகவே திரும்ப உட்கார வேண்டும், மற்றவர்கள் ஒதுங்கி இடம் கொடுக்க வேண்டும்.

ஒரு சாயங்காலம் குருவம்மாள் தொண்டை கட்டும்வரை செருமிப் பார்த்தாள். யாரும் அசையவில்லை.

"போங்கய்யா, மரியாதை தெரியாத ஜனங்க," என்று அவளும் வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை நிழற்குடைக்குப் போனார்கள். பூமிநாதனுக்கு ஒரு பக்கம் சடையம்மாள், மறுபக்கம் குருவம்மாள்.

முதலாளி செருமினார். பக்கத்தில் வந்து இன்னொரு முறை செருமினார். பூண்டுத் தோல் காற்றில் பறந்து அவர் செருப்பில் விழுந்தது.

"ஏ குருவம்மா, நாளைக்குத் தொழுவத்துப் பக்கம் வராதே."

"சரிங்க," என்றாள் அவள், உட்கார்ந்தபடியே. "மாட்டுக்குத் தண்ணி காட்டிருங்க."

"நடவுக்கு எங்ககூட வா," என்றார் சடையம்மாள் அவளிடம்.

பேருந்து வந்த பிறகுதான் பெஞ்சிலிருந்து எழுந்தார்கள். அதுவரை முதலாளி வெயிலில் நின்றார்.

பேருந்துக்குள் எல்லோரும் சிரித்துப் பேசினார்கள். இறங்கும் இடம் நெருங்கியபோது பூமிநாதன் சடையம்மாளிடம் மெதுவாகச் சொன்னார்.

"உங்ககிட்ட மறைக்கக் கூடாது தோழர். முழங்கால் ரெண்டும் கடைசிவரைக்கும் ஆடுச்சு. இவ்வளவு பழகியும் பயம் போகலை. நான் தேற மாட்டேன்."

"ரெண்டும் உங்க ஆட்டம்னா நினைச்சீங்க? அந்தப் பக்கம் குருவம்மா ஆடினா. இந்தப் பக்கம் நான்."

பூமிநாதன் அவரைப் பார்த்தார்.

"நடுங்காத ஆளுங்களா இருந்தா," என்றார் சடையம்மாள், "தள்ளித் தள்ளி உட்காரச் சொல்லியிருப்பேன்."