சென்னியப்பன் ஜீப்பைக் கட்டி இழுத்த கதை

எங்கள் ஜீப்பில் ஏற எனக்கு ஒரு முக்காலி வேண்டும். காட்டுப் பாதையில் கல்லும் முள்ளும் தாண்ட வேண்டுமென்று என் கணவர் ஜெரோம் அதை ஒரு முழம் உயர்த்திக் கட்டி, டிராக்டர் டயர் மாதிரி நான்கை மாட்டி வைத்திருக்கிறார். அப்பேர்ப்பட்ட வண்டி காட்டில் நிற்கவில்லை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வழவழப்பான தார்ச்சாலையில், போஜன் அண்ணனின் டீக்கடைக்கு எதிரே உயிரை விட்டது.

பாதி மலை இன்னும் கீழே கிடந்தது. பஸ் சாயங்காலம்தான்; அதற்குள் பனி இறங்கிவிடும். கைக்குழந்தையோடு நான் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேரட் ஏற்றிய ஒரு மினி லாரி வந்து நின்றது.

முதலில் குதித்தவர் சென்னியப்பன். மீசையை முறுக்கிவிட்டு, "கட்டி இழுத்துட்டுப் போயிரலாமுங் அம்மிணி. இந்த மலைல நான் இழுக்காத வண்டி ஏதுங்?" என்றார். பின்னாலேயே அவர் மனைவி நாச்சாத்தாள் இறங்கி, லாரியிலிருந்து வண்டி இழுக்கும் முக்கோண இரும்பு ராடை உருவினார்.

நான்கு சக்கரமும் தரையில் உருள, கயிறும் இல்லாமல், உள்ளே ஆளும் இல்லாமல் ராடில் கட்டி இழுப்பது எப்படி என்று ஜீப்போடு வந்த புத்தகத்தில் படித்திருக்கிறேன். பயந்தவள்தான் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படிப்பாள். "கியர் நியூட்ரல்ல இருக்கா? ஹேண்ட் பிரேக்கை எடுத்தாச்சா? ஸ்டியரிங் பூட்டைத் திறந்தாச்சா?" என்று ஜெரோமைத் துளைத்தேன். "எல்லாம் ஆச்சு, ஷெரின்" என்றார் அவர்.

"ராடு சாய்வா இருக்குதுங்" என்றார் நாச்சாத்தாள். ஜீப்பின் கொக்கி என் மார்பு உயரம். லாரியின் கொக்கி முழங்கால் உயரம். "மட்டமா இருக்கோணும். இல்லீன்னா பிரேக் போடறப்ப ஜீப்பு நம்ம முதுகுல ஏறிக்கும்." அவரும் ஜெரோமும் கொக்கியை உயர்த்த லாரியின் பின்பக்கம் ஓர் இரும்புத் தகட்டை நிமிர்த்தி போல்ட் போட ஆரம்பித்தார்கள்.

சென்னியப்பன் டீ கிளாஸோடு பெஞ்சில் சாய்ந்தார்.

"ஏறிக்குமான்னா? ஏறிருச்சுங்! போன ஆடில ஒரு ஜீப்பு. உங்களுது மாதிரி குள்ளம் இல்லீங்க. அதுக்கு அடியில ஆட்டு மந்தை பூந்து போகும், ஒரு ஆட்டுக்கொம்பு தட்டாது. ஒரு வளைவுல பிரேக்கை மிதிச்சேன். சத்தமே இல்லாம லாரி மேல ஏறி உக்காந்துக்கிச்சு! செக்போஸ்ட்டுல போலீஸு, 'ஜீப்பு எங்கய்யா'ங்கறாரு. நிமிந்து பாருங்கன்னேன். பாத்தவரு, தொப்பி விழுகற வரைக்கும் நிமிந்தாரு."

"நல்லவேளை, தலை விழுகல" என்றார் போஜன் அண்ணன், பாலை ஆற்றியபடி.

"சிரிக்காதீங் போஜா. அதுக்குப் பொறகு, கிட்டக் கட்டினாத்தானே ஏறும்னு நீளமா ஒரு ராடு செஞ்சேன். எவ்வளவு நீளம்ங்கறீங்க? லாரி கீழ் வளைவுல திரும்பி நிக்குது, ஜீப்பு இன்னும் மேல் வளைவுல வருது! ஜீப்புக்காரரு ஜன்னல்ல கைய விட்டு பன்னு கேட்டாரு. நான் கீழ இருந்து எட்டிக் குடுத்தேன்."

"ராடு நடுவுல வளையலையா?" என்றார் போஜன் அண்ணன்.

"எப்படி வளையாம இருக்கும், யானை உக்காந்தா? குட்டியோட வந்துச்சுங். ராடைப் பாத்துச்சு, ஊஞ்சல்னு நெனச்சுக்கிச்சு. அடிவாரம் வரைக்கும் ஆடிட்டே வந்துது. இறக்கிவிட்டா குட்டி இறங்க மாட்டேங்குது, ஒரே அழுகை!"

என் குழந்தை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனிதரின் வாய் ஓடுகிற வேகத்தில் கை ஓடினால், கொண்டை ஊசி வளைவில் எங்கள் கதி என்ன?

"அட, அதெல்லாம் சின்னச் சங்கதிங்" என்று எழுந்தே நின்றுவிட்டார். "மேல கோத்தகிரில ஒரு ஜீப்பு, உருண்டுறக் கூடாதுன்னு பின்பக்கம் பாறைல சங்கிலி போட்டு வெச்சிருந்தாங்க. அவுக்க மறந்துட்டேன். மலை இறங்கறேன், வண்டி கொஞ்சம் இழுவையா இருக்குது. கேரட் பாரம்னு நெனச்சேன். மேட்டுப்பாளையத்துல திரும்பிப் பாத்தா பின்னாடி ஜீப்பு, ஜீப்புக்குப் பின்னாடி கோத்தகிரி! ஊரே வேர்த்துப்போயி ஸ்வெட்டரைக் கழட்டிட்டு நிக்குது!"

"எங்க ஊரா?" என்று போஜன் அண்ணன் டீ வடிகட்டியைக் கீழே வைத்தார். "அப்புறம்?"

"அப்புறமென்ன, ரிவர்ஸ்லயே தள்ளிக் கொண்டாந்து வெச்சேன். ரிவர்ஸ்ல நேராப் போக முடியுங்களா? அங்க இங்க நெளிஞ்சிருச்சு. அதுக்கு முன்னாடி இந்த ரோடு நூல் புடிச்ச மாதிரி இருந்துதுங். இத்தனை வளைவும் நம்ம கைவேலை!"

போஜன் அண்ணன் அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டேன்.

ராடு மட்டமாக நின்றது. கீழே காப்புச் சங்கிலி இரண்டும் குறுக்கே மாட்டியாகிவிட்டது. ஜீப்பின் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. சென்னியப்பன் லாரியின் முன் டயருக்கு ஓர் எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டு, "ஏறுங் அம்மிணி, பறந்தர்லாம்" என்றார்.

"ஜெரோம், நான் வரல" என்றேன். "பஸ்ஸுக்கே நிக்கறேன். பாப்பாவை வெச்சுக்கிட்டு இவர் ஓட்டற வண்டில ஏற மாட்டேன்."

கையில் ஒட்டிய கரியைத் துடைத்துக்கொண்டிருந்த நாச்சாத்தாள் நிமிர்ந்தார். "இவரு ஓட்டறதா? இவருக்கு சைக்கிளே வராதுங் அம்மிணி." சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறினார். கண்ணாடியைச் சரிசெய்து, பின்னால் ஜீப்பை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பழம் நசுங்க, லாரி ஓரடி மட்டும் உருண்டு நின்றது. ஜீப் ஒரு குலுக்கலும் இல்லாமல் கூடவே வந்து நின்றது.

நான் குழந்தையோடு அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். மறுபக்கம் ஜெரோமை நெருக்கித் தள்ளிக்கொண்டு சென்னியப்பன் ஏறினார். ஏறும்போதே வாயைத் திறந்துவிட்டார்.

"அப்ப இவர் எதுக்குக்கா?" என்று மெல்லக் கேட்டேன்.

நாச்சாத்தாள் முதல் கியரைப் போட்டார்.

"லாரில ரேடியோ ரிப்பேருங் அம்மிணி."