சேற்று நண்டின் கை சிவந்த கதை

அந்தக் காலத்தில் நண்டுகள் பேசின. கேட்டுக்கொள்ள மனிதர்களுக்கும் நேரம் இருந்தது. முகத்துவாரத்துச் சேற்று நண்டுக்கு அப்போது இரண்டு கொடுக்குகளும் ஒரே அளவு. அரிசி மணியைவிடச் சற்றுப் பெரியவை, சேற்றின் நிறம்.

அந்தச் சேற்றின் கரையில் சிகாமணி ஆசாரியின் வீடு இருந்தது. குழந்தைகளின் அரைஞாணில் கோக்கும் வெள்ளி உருக்களை அவர் வார்ப்பார்: மீன், ஆமை, அரசிலை. வார்த்து, உளியால் கோடு போடுவதோடு அவர் வேலை முடிந்தது. மீதியெல்லாம் அவர் மனைவி கொளஞ்சியின் வேலை.

விளிம்பில் நிற்கும் பிசிறை அவள் அரத்தால் தேய்ப்பாள். பிறகு ஒரு துண்டுப் பஞ்சை உருவின் மேல் இழுத்துப் பார்ப்பாள். ஓர் இழை சிக்கினாலும் திரும்ப அரம்தான். பஞ்சைப் பிடிக்கும் வெள்ளி பிள்ளையின் வயிற்றையும் கீறும் என்பாள். அடுத்து, உலைக்கரி போக மண்சட்டியில் புளித்தண்ணீர் ஊற்றி வேகவைப்பாள். கடைசியில் பூந்திக்கொட்டை நுரையில் கழுவி, வழுவழுப்பான கல்லால் மெருகேற்றுவாள்.

வெந்த தண்ணீர் வாசலுக்கு எதிரே சேற்றில் போகும். கொட்டுமுன் ஒவ்வொரு முறையும் குரல் கொடுப்பாள்.

“சுடுதண்ணி வருது! நண்டுப் பிள்ளைங்கல்லாம் உள்ள போங்க!”

“நண்டுக்குத் தண்டோரா போடுற பொம்பளைய இப்பத்தான் பாக்கறேன்” என்பார் ஆசாரி.

“அதுங்க சொன்னாக் கேக்குது. உங்ககிட்டச் சொல்லி என்ன ஆகப்போவுது?”

ஒருநாள் செம்பாயி வந்தாள். படகுக்காரர் மனைவி. இடுப்பில் ஏழு மாதப் பையன். முந்தானையை அவிழ்த்து ஒரு ஜோடிச் சின்னத் தண்டையை எடுத்து வைத்தாள். போன வருஷம் அம்மையில் இறந்துபோன மகளின் கால் தண்டை.

“இதை உருக்கித் தம்பிக்கு ஒரு மீன் செஞ்சு குடுங்க ஆசாரியம்மா. நாளான்னைக்கு மத்தியானம் தண்ணி இறங்கறப்ப உப்புத்தீவுக்குப் போறோம். இவன் மொத மொதல்ல கடல்ல போறான். இவன் அக்கா கூடவே இருந்து பார்த்துக்கட்டும்.”

கொளஞ்சி தண்டைகளை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாளே ஆசாரி மீனை வார்த்துவிட்டார். மெல்லிய மீன். செதில்களை மயிரிழைக் கோடுகளாக வெட்டியிருந்தார். படகு கிளம்பும் நாள் காலையில் கொளஞ்சி பிசிறு தேய்த்து, பஞ்சு இழுத்துப் பார்த்து, மீனைச் சட்டியில் போட்டாள். அது மூன்று நாளாக வெள்ளி வெந்த பழைய புளித்தண்ணீர். வெள்ளியில் கலந்திருந்த செம்பு கொஞ்சம் கொஞ்சமாக அதில் இறங்கியிருந்தது. அந்தத் தண்ணீரில் இரும்பு படக்கூடாது. பட்டால் இறங்கிய செம்பு திரும்பி வெள்ளியின் மேல் ஏறிக்கொள்ளும். கொளஞ்சிக்கு அது தெரியும். அதற்காகவே மூங்கில் இடுக்கி ஒன்று சட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும்.

அந்த நேரம் பார்த்துப் படகுத்துறையில் சங்கு ஊதினார்கள். பாய் கட்டத் தொடங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். பதறிப்போன கொளஞ்சி கைக்கு எட்டிய இரும்புக் குறட்டைச் சட்டிக்குள் விட்டு மீனைத் தூக்கினாள்.

மீன் சிவப்பாக வந்தது.

செம்பாயியின் மகள் இறந்தபோது உடம்பெல்லாம் அப்படித்தான் சிவந்திருந்தது. அந்தப் பிள்ளையின் வெள்ளியை அதே நிறத்தில் தாயின் கையில் வைப்பதா? வேறு வெள்ளியில் செய்து கொடுக்கவும் முடியாது. செய்தால் அது அந்த அக்கா ஆகாது. அரத்தால் தேய்த்தால் செதில் அழிந்துவிடும். கொளஞ்சி மீனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சேற்றோரம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

“என்னக்கா, இன்னிக்குக் குரலே காணோம்?” வளையிலிருந்து ஒரு நண்டு எட்டிப் பார்த்தது.

அவள் மீனைக் காட்டி நடந்ததைச் சொன்னாள்.

“இதுக்கு வழியே இல்லையா?”

“இருக்கு. புதுப் புளித்தண்ணி வெச்சுக் கொதிக்கக் கொதிக்கத் தேய்ச்சா செம்பு பிடி விடும். ஆறிட்டா விடாது. அந்தச் சூட்டுல என் விரல் நிக்காது. நார் வெந்து குழைஞ்சிடும். குச்சி அந்தக் கோட்டுக்குள்ள போகாது.”

நண்டு தன் கொடுக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. “ஒவ்வொரு மணலா எடுத்துத் துடைச்சுத் தின்கிறதுதானே எங்க பிழைப்பு. இந்தக் கோடெல்லாம் எனக்குப் பெரிய வாய்க்கால் மாதிரி.”

“வேண்டாம் தம்பி. கை வெந்துடும்.”

“எனக்குப் பதினோரு பிள்ளைங்கக்கா. ஒண்ணுக்கும் ஒரு கால்கூடக் குறையல. மத்த வீட்டுல கஞ்சித்தண்ணியக் கவுத்துட்டுத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. நீங்க ஒருநாளாவது சொல்லாம ஊத்தியிருக்கீங்களா? அடுப்பை மூட்டுங்க.”

புதுத் தண்ணீர் கொதித்தது. மீனின் வளையத்தில் நூலைக் கோத்துச் சட்டிக்குள் தொங்கவிட்டு, நூல் நுனியைக் கொளஞ்சி பிடித்துக்கொண்டாள். நண்டு விளிம்பில் உட்கார்ந்து ஒரு கொடுக்கை மட்டும் உள்ளே விட்டது. தலையிலிருந்து வால்வரை, ஒரு கோடு விடாமல் சுரண்டியது. நடுவில் ஒருமுறை நிறுத்தியது.

“போதும், எடுத்துடு” என்றாள் கொளஞ்சி.

“வால் பாக்கி இருக்கு” என்றது நண்டு.

மீன் வெள்ளையாக வெளியே வந்தது. கொடுக்கு சிவந்து, உடம்பளவுக்கு வீங்கி வந்தது. மீனை விட்ட செம்பெல்லாம் அதில் ஏறியிருந்தது. கொளஞ்சி அழுதுகொண்டே அதைத் தண்ணீரில் நனைத்தாள். வீக்கம் வடியவில்லை.

வளை வாசலில் பெண் நண்டு காத்திருந்தது. “ஊரு வேலைக்குப் போயி கையை வேகவெச்சுட்டு வந்திருக்கீங்களே, இனிமே எதால சாப்பிடுவீங்களாம்?”

“இன்னொண்ணு இருக்குல்ல?”

“இருக்கு இருக்கு. பொழுதுக்கும் உக்காந்து பொறுக்குங்க.”

கொளஞ்சி மீனை நுரையில் கழுவி, கல்லால் மெருகேற்றி முடிக்கவும் செம்பாயி ஓடி வரவும் சரியாக இருந்தது. செம்பாயி மீனைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். வழுவழுப்பாக இருந்தது. “பாப்பா தண்டை மாதிரியே பளிச்சுனு இருக்கும்மா” என்றாள். கயிற்றில் கோத்துப் பையன் இடுப்பில் கட்டிவிட்டு, கொளஞ்சியின் காலைத் தொடக் குனிந்தாள்.

“என் கால்ல எதுக்கு விழுற? நான் கெடுத்தேன். சரிபண்ணினது வேற ஆளு” என்று கொளஞ்சி நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

நண்டுக்கு நன்றி சொல்ல நேரமில்லை. படகு கூப்பிட்டது. ஏறி நின்று திரும்பிப் பார்த்தால், தண்ணீர் இறங்கிய சேற்றில் ஆயிரம் நண்டுகள். எல்லாம் ஒரே மாதிரி.

செம்பாயி பையனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள்: “இதுல எந்த மவராசன்யா எம்புள்ளைக்குக் கை குடுத்தது? ஒரு தடவை பாத்துக்கறேனே!”

கூட்டத்தின் நடுவில் ஒரு நண்டு வெந்த கையை மெதுவாக மேலே தூக்கியது. படகிலிருந்த பையன் அதைப் பார்த்துச் சிரித்துத் தன் கையை ஆட்டினான். நண்டும் ஆட்டியது. படகு முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குள் மறையும்வரை இறக்கவில்லை.

அந்த நண்டின் வழியில் பிறந்த ஆண்களுக்கெல்லாம் ஒற்றைக் கொடுக்கு சிவந்தும் பெருத்தும் இருப்பதும், தண்ணீர் இறங்கியதும் அவை வெளியே வந்து கையைத் தூக்கித் தூக்கி ஆட்டுவதும், பெண் நண்டு அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இரண்டு கைகளாலும் சாப்பிடுவதும் அன்று தொடங்கியதுதான்.