பீரோவுக்குள்ள ஒரு வெயில்

மேகம் கதவைத் தட்டாமலே வீட்டுக்குள்ள வர்ற ஒரு ஊர்ல, கோத்தகிரின்னு வச்சுக்கோயேன், ஒரு நர்சம்மா இருந்தாங்க. பிலோமினான்னு பேரு. தூத்துக்குடியில இருந்து மாத்தலாகி வந்தவங்க. கூட யாரு வந்தா தெரியுமா? ராசாத்தி. பொண்ணு இல்ல, ஒரு இகுவானா. வேலியில ஓணான் பாத்திருக்கேல்ல, அது மாதிரி, ஆனா பச்சைப் பசேல்னு, வாலோட சேத்தா உன்னை விட நீளம். ம் சொல்லு.

ம். தூத்துக்குடியில ராசாத்தி மொட்டைமாடிக் கூண்டுல நாளெல்லாம் வெயில் காயும். செம்பருத்திப் பூவை நீட்டினா லபக்குனு முழுங்கும். மலைக்கு வந்தா ஐப்பசி மழை, சோன்னு கொட்டுது. ராசாத்தி பச்சை போயி சாம்பலா ஆயிடுச்சு. பூவைக் காட்டினா கண்ணை மூடிக்குது. ஏறப் போனா காலு வெடவெடன்னு நடுங்கி, தொப்புனு விழுது.

வீட்டு ஓனர் போஜன் எட்டிப் பாத்தாரு. "சிஸ்டர், இது வெயில் ஊரு ஜீவன். இங்க தாங்காது. திருப்பி அனுப்பிடுங்க" அப்படின்னாரு.

தூத்துக்குடியில இருந்து தங்கச்சி ரெஜினா போன்ல, "கிறிஸ்மஸ் லீவுல வந்து நானே தூக்கிட்டுப் போறேன்க்கா"ன்னா. பிலோமினா சரின்னு சொல்லிட்டாங்க. சொல்லிட்டு அன்னிக்குச் சோறே இறங்கல. உள்ளங்கை அளவு இருந்ததுல இருந்து வளத்தவங்கல்ல.

அப்போ முதல்ல என்ன பண்ணாங்க? கம்பளியைச் சுத்தினாங்க. ராசாத்தி அசையவே இல்ல. நர்சு இல்லையா, தெர்மாமீட்டரை உள்ள வச்சுப் பாத்தாங்க. வெளிய எவ்ளோ குளிரோ, கம்பளிக்குள்ளயும் அவ்ளோதான். நம்ம உடம்பு தானே சூடு பண்ணிக்கும், அதைக் கம்பளி புடிச்சு வைக்கும். ராசாத்தி உடம்புல அந்த அடுப்பே கிடையாது. சூடு வெளிய இருந்துதான் வரணும்.

அப்புறம் வெந்நீர்ப் பையை அடியில வச்சாங்க. ஒரு மணி நேரத்துல பை சில்லுனு ஆயிடுச்சு. தூக்கிப் பாத்தா ராசாத்தி வயித்துல செவசெவன்னு சுட்ட தடம். பிலோமினா மருந்து தடவிக்கிட்டே, "தெரியாம பண்ணிட்டேன்டி"ன்னு அழுதுட்டாங்க.

மூணாவது? மழை விட்டு வெயில் வந்துச்சு. கண்ணாடி ஜன்னலை மூடி, பக்கத்துல வச்சாங்க. ராசாத்தி ஒரு இதழ் தின்னுச்சு. ஆனா ஒரு வாரம் அப்படி வச்சும் காலு நடுக்கம் நிக்கல. தூங்கிட்டியா? ம், கேளு.

கால்நடை டாக்டர் நசீமாகிட்ட கொண்டு போனாங்க. அவங்க தாடையை மெதுவா அமுக்கிப் பாத்து, "எலும்பு மெத்துனு ஆயிடுச்சு. வெயில்ல சூடு மட்டும் இல்லம்மா, கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் இருக்கு. எலும்புக்கு அது வேணும். கண்ணாடி அதை உள்ள விடாது"ன்னாங்க.

"பிழைக்குமா டாக்டர்?"

"சூடும் அந்தக் கதிரும் சேத்துக் குடுத்தா பிழைக்கும்."

பிலோமினா ரெண்டு நாள் லீவு போட்டாங்க. ஒரு பழைய மர பீரோவை வாங்கி, கதவை எடுத்துட்டு வலை அடிச்சாங்க. டொக்கு டொக்குனு சத்தம் கேட்டு போஜன் வந்தாரு. வலையோட அந்த மூலையைப் புடிச்சுக்கிட்டாரு.

ஒரு பக்கம் மேல சூட்டு பல்பு, ராசாத்தி தொட முடியாத மாதிரி கம்பிக்கூட்டுக்குள்ள. பக்கத்துலயே கோயம்புத்தூர்ல வாங்கின அந்தக் கதிர் டியூப். அதுக்குக் கீழ ஒரு மரக்கிளை. இன்னொரு பக்கம் நெழலு, சூடு போதும்னா நகந்துக்கலாம்ல. ரெண்டு பக்கமும் ஒரு தெர்மாமீட்டர். காலையில லைட்டு போடுவாங்க, பொழுது சாஞ்சா அணைச்சுடுவாங்க. அப்புறம் வெளிச்சமே இல்லாம சூடு மட்டும் தர்ற ஹீட்டர். அதுவும் தூங்கணும்ல. டாக்டர் குடுத்த சுண்ணாம்புச் சத்து மருந்தையும் கீரையில கலந்து குடுத்தாங்க.

ஒரு வாரம் போச்சு. சும்மா கிடந்துச்சு. ரெண்டாவது வாரம் நாக்கை நீட்டிப் பாத்துச்சு. ஒரு மாசத்துல பச்சை திரும்புச்சு. ஆனா கிளையில மட்டும் ஏறவே இல்ல.

கிறிஸ்மஸும் வந்துச்சு. ரெஜினா பெரிய கூடையோட வந்து நின்னா. "கிளம்பலாமாக்கா?"

பிலோமினா பீரோவுல லைட்டைப் போட்டாங்க. படக். ராசாத்தி தலையைத் தூக்குச்சு. முன்னங்காலைக் கிளையில வச்சுச்சு. நடுக்கம் இல்ல. அப்புறம் பின்னங்காலு. சர் சர் சர்ருனு நகத்தால புடிச்சு, ஒரே மூச்சுல உச்சிக்கு ஏறி, பல்புக்குக் கீழ உடம்பைப் பரப்பிக்கிட்டு, மகாராணி மாதிரி எல்லாரையும் பாத்துச்சு.

ரெஜினா கூடையைக் கீழ வச்சா. "இவ எங்கயும் வரமாட்டாக்கா"ன்னா.

போஜன் வாசல்ல இருந்து பாத்துட்டு, வேகவேகமா வெளிய போனாரு. திரும்பி வரும்போது கை நிறைய செம்பருத்திப் பூ. "சிஸ்டர், நான் ஒண்ணு குடுக்கட்டுமா?"ன்னாரு.

லபக்.

ராசாத்தி ஜெயிச்சாச்சு, கதையும் இதோட சரி. கண்ணை மூடிக்கோ, தூங்கு.